விடைக்கோழிக்குப் போட வேண்டிய பாட்டு

ராவ்னா என்ற சின்ன மலை நகரத்தில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். அந்த நாலாயிரம் பேரையும் ஒரே மூச்சில் அடுப்படியிலிருந்து வாசலுக்கு ஓடிவரச் செய்யக்கூடிய ஆள் ஒருத்திதான். மேயர் இல்லை, பாதிரியாரும் இல்லை. நகர அலுவலகத்து மாடியில், சதுக்கத்தைப் பார்த்த சின்ன அறையில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்த ஹெர்மினா லுப்தாகோவா.

தெருவுக்குத் தெரு கம்பங்களில் சாம்பல் நிற ஒலிபெருக்கிகள் தொங்கின. சதுக்கத்தில் லிண்டன் மரத்தோடு சேர்த்துக் கட்டியது ஒன்று, மேல்தெருவில் சில, ஒராவா ஆற்றோரமாக மர அறுவை மில் வரைக்கும் வரிசையாகச் சில. பாலத்தடியில் இருந்தது மட்டும் இடி விழுந்து ஊமையாகிவிட்டது. அதை "அடுத்த மாசம்" சரிசெய்வதாகச் சொல்லிச் சொல்லியே மேயர் தேர்தலில் ஜெயித்துவிட்டார்.

அறிவிப்புக்கு முன்னால் ஒரு பாட்டு. அது எழுதாத சட்டம். துள்ளல் பாட்டு என்றால் வியாபாரம்: முட்டைக்கு வளர்க்கும் இளம் விடைக்கோழி, தக்காளி நாற்று, மெத்தை உறை. ராணுவ நடை என்றால் அரசாங்க விஷயம்: தண்ணீர் நிற்கும், நாய்க்கு ஊசி. ஊதுகொம்புகள் மெதுவாக, மூக்கைச் சிந்துவது போல ஆரம்பித்தால் சாவு. அந்த முதல் கொம்பு எழும்பியதும் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், பெண்கள் அடுப்பைத் தணிப்பார்கள். பெயர் காதில் விழும் வரைதான் அமைதி. விழுந்ததும் "ஐயோ, எப்படி, என்னைக்கு?" என்று வேலிக்கு வேலி பேச்சு கிளம்பிவிடும். அதற்குப் பிறகு ஹெர்மினா படிப்பதெல்லாம் காக்கைக்குத்தான்.

நாலாவதாக ஒன்று உண்டு. மணப்பெண் தாய்வீட்டு வாசலைத் தாண்டும்போது பாடும் கல்யாணப் பாட்டு. ஆணும் பெண்ணும் அலுவலகத்துக்கு வந்து பெயர் கொடுத்த பிறகுதான் அது ஒலிக்கும். காதல் கத்தரிக்காய் என்று ஊர் ஆயிரம் வதந்தி பேசலாம். அந்தப் பாட்டு கேட்டால்தான் உறுதி.

ஹெர்மினாவின் அப்பா அலோய்ஸ், ஒலிபெருக்கிக்கு முந்தைய காலத்துத் தமுக்குக்காரர். உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் பின்வாங்கிய படை ஊரைக் கொளுத்திவிட்டுப் போனபோது, புகை அடங்காத சாம்பலில் நின்று "செங்கல் வந்திருக்கு, வந்து வாங்கிக்கங்க!" என்று தமுக்கடித்தவர். மேலே அணை கட்டிப் பல கிராமங்களைத் தண்ணீருக்குள் விட்டபோது, வீடிழந்து வந்தவர்களுக்கு மேல்தெருவில் மனை கிடைக்கும் என்ற சேதியைச் சொன்னவரும் அவர்தான். கம்பங்கள் நட்டதும் தமுக்கு ஆணியில் ஏறியது. சில வருடங்களில் மகள் மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

அவளுக்கு இருபது வயதில் ஓர் ஆகஸ்ட் மாதக் காலை வந்தது. அந்நிய டாங்கிகள் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தன. "பால் வண்டி தாமதமாக வரும்" என்று மட்டும் படிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஹெர்மினா ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் பால் வண்டிக்கு முன்னால் சாவுப் பாட்டைப் போட்டாள். ராவ்னாவின் ஆண்கள் அத்தனை பேரும் டாங்கிகளுக்கு எதிரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். ரிக்கார்டு மாறிப்போச்சு என்று அவள் சாதித்துவிட்டாள். ஊரும் "ஆமா, அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் மறதி" என்று ஒரே குரலில் சாட்சி சொன்னது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட தைரியசாலி. ஆனால் மைக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மனிதரை உட்கார வைத்தால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும். ரொட்டிக்கடையில் வேண்டியதைக் கேட்காமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவாள். ஒரு முறை பழையது கொடுத்தார்கள். அதையும் நன்றி சொல்லி வாங்கி வந்தாள். பெண் கேட்டு வந்த இரண்டு பேரும் அவள் முகத்தில் பதிலைத் தேடிப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்து முடித்துத் திரும்பிப் போனார்கள்.

இந்த ஊமைக்கு வாய்த்தவர்தான் கோழிக்காரர் இம்ரிக் பென்கோ.

தெற்கே சமவெளிக்காரர். மனைவியை இழந்தவர். பனி உருகியதிலிருந்து அடுத்த பனி விழும்வரை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வியாழக்கிழமை காலையில் பச்சை லாரி நிறைய விடைக்கோழிகளோடு பள்ளத்தாக்கு ஏறி வருவார். மாடிக்கு வந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு அறிவிப்பைச் சொல்லுவார். அவள் எழுதிக்கொள்வாள். பிறகு கண்ணாடித் தம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் காபி. தூள் அடியில் தங்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோடையில் அவர் தர்பூசணி கொண்டுவருவார். இவள் ஆட்டுப்பால் சீஸ் பொட்டலம் எடுத்து வைத்திருப்பாள். பதினோரு வருடமாக இதுதான் நடந்தது. இதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் விஷயம்.

நாடு இரண்டாகப் பிரிந்த மறு வருடம் மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. இம்ரிக் வந்து உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைக்காமல் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எழுதிக்கங்க அம்மணி. 'இம்ரிக் பென்கோ, இத்தனை வருஷம் ஆதரவு கொடுத்த ராவ்னா மக்களுக்கு நன்றி சொல்லி விடைபெறுகிறார்.'"

பேனா நின்றது.

"லாரிய வித்துட்டேன். இடுப்பு ஒத்துக்க மாட்டேங்குது. டான்யூப் ஆத்துப் பக்கம் தங்கச்சி வீடு இருக்கு, அங்கயே போயிடலாம்னு. நாளைக்குச் சாவியக் குடுத்தாகணும்."

"நாளைக்கேவா?"

"ஆமா." அவர் தம்ளரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "போகவா வேண்டாமான்னு மனசு ஒரு நெலைல இல்ல. நீங்க என்ன சொல்றீங்க?"

இதோ! பதினோரு வருடமாகக் காத்திருந்த கேள்வி, எதிரே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஹெர்மினாவின் நெஞ்சு திடும் திடும் என்று அப்பாவின் தமுக்கைப் போல அடித்தது. வாயைத் திறந்தாள்.

"கோழி என்ன விலைன்னு போடட்டும்?" என்றாள்.

இம்ரிக்கின் முகம் வாடிப்போனது. "போன தடவை விலைதான்" என்றார். "பாலத்தடில கோழிங்களுக்குத் தண்ணி காட்டிட்டு அப்புறமா சதுக்கத்துக்கு வரேன்." காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவர் காபியைப் பாதியில் வைத்தது அதுதான் முதல் தடவை.

கோழி என்ன விலை! ஹெர்மினா தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். மரமண்டை, மடச்சி, நீ எல்லாம் ஒரு பொம்பளை! ஓடிப்போய்க் கூப்பிடலாம். கூப்பிட்டு? எதிரே நின்று மறுபடியும் கோழி விலைதானே கேட்பாள். கண் நிறைந்து வழிந்தது. அறிவிப்பு நேரமோ தாண்டிக்கொண்டிருந்தது. மைக் ஊளையிடக் கூடாது என்று வழக்கம்போல இரட்டைக் கண்ணாடி ஜன்னலை இறுக்கிச் சாத்தினாள். வலப்பக்கத்து அடுக்கிலிருந்து துள்ளல் பாட்டை எடுப்பதாக நினைத்துக்கொண்டு, இடப்பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு ரிக்கார்டை உருவித் தட்டில் வைத்தாள். ஊசியை இறக்கிவிட்டுக் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ரிக்கார்டின் சத்தம் கம்பங்களுக்குத்தான் போகும், அறைக்குள் கேட்காது. ஊசி நடுவுக்கு வந்து பாட்டு முடிந்ததும் படித்தாள்.

"இம்ரிக் பென்கோ..." குரல் உடைந்தது. ஒரு விம்மல் மைக்குக்குள் போனது. சமாளித்துக்கொண்டு மீதியையும் படித்தாள். நன்றியையும் விடைபெறுவதையும் சொல்லி, விடைக்கோழி சதுக்கத்துக்கு வரும், விலை போன தடவை விலையே என்பது வரைக்கும் ஒழுங்காகப் படித்தாள். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, மேசையில் தலையை வைத்து அழ ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் படியில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்துகொண்டு கீழ்வீட்டு அபோலோனியா அத்தை வந்தாள். தலையில் கறுப்பு முக்காடு, கையில் கசகசா ரொட்டி. வந்த வேகத்தில் ஹெர்மினாவை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அழுதுரு தாயி, அழுதுரு. அடக்கி வைக்காத."

ஹெர்மினாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலேயே தபால்காரர் மனைவி வந்தாள், சூப்புப் பானையோடு. அதற்குப் பின்னால் அறுவை மில் ஆட்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பிளம் சாராயத்தோடு. துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகும் வழக்கம் ராவ்னாவில் இல்லை. மேசை நிறைந்து ஜன்னல் திண்டும் நிறைந்தது. படிக்கட்டில் கூட்டம் முண்டியது.

"காலையிலகூட லாரியப் பாத்தேனே!"

"அதுலயே சாஞ்சிட்டாராம். நெஞ்சடைப்பு."

"ஸ்டியரிங்க விடலையாம் கடைசி வரைக்கும்."

"நல்ல மனுஷன். என் கோழி ஒண்ணு சேவலா வளந்துபோச்சு, மறு பேச்சு பேசாம மாத்திக் குடுத்தாரு."

ஹெர்மினா அணைப்பிலிருந்து தலையை நீட்டினாள். "யாரு... யாரு செத்தா?"

அபோலோனியா கூட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "அதிர்ச்சி. புத்தி கலங்கிருச்சு. அந்தச் சாராயத்த இப்படிக் குடுங்க."

அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி. டங்... டங்... மணியடிக்கும் கோயில்பிள்ளை வெந்தெலினுக்குக் காது மந்தம், ஆனால் சாவுப் பாட்டு மட்டும் எப்படியோ கேட்டுவிடும். துக்க மணி பள்ளத்தாக்கு முழுக்க உருண்டது.

"இம்ரிக்குக்குத்தான்டி அடிக்கிறாங்க. அறிவிச்சது நீதான! பேரு வரும்போதே தொண்டை அடைச்சு விம்மினியே, மேல்தெரு மொத்தமும் சேந்து அழுதுச்சு" என்றாள் அபோலோனியா.

ஹெர்மினா சுழல்தட்டைப் பார்த்தாள். விளிம்பில் கீறல் விழுந்த ரிக்கார்டு. அந்தக் கீறல் சாவுப் பாட்டு ஒன்றுக்குத்தான் உண்டு. அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. உடனே இன்னொரு யோசனை வந்து, இறங்கிய ரத்தம் இரண்டு மடங்காக ஏறியது.

"சரி, செத்தாருன்னே வச்சுக்கங்க. எதுக்கு எல்லாரும் எங்கிட்ட வர்றீங்க?"

"வேற எவகிட்டடி போறது?" என்றாள் தபால்காரர் மனைவி. "நீ கோழி அறிவிப்பு படிச்சா கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி இருக்கும். அந்த வியாழக்கிழமையில மட்டும் காதுல கம்மல் ஏறும். எங்களுக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"எங்க வீட்டுக்காரருக்குக் கோழின்னாலே ஆகாது" என்று பின்னாலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். "உனக்காகவே வருஷத்துக்கு ரெண்டு வாங்குறோம். ஆளு வந்து போகணுமில்ல!"

"அப்ப... ஊருக்கே தெரியுமா?"

"அந்த மனுஷன் ஒருத்தருக்குத்தான் தெரியாது. பாவம், தெரியாமலே போயிட்டாரு" என்று அபோலோனியா மூக்கைச் சிந்தினாள்.

ஹெர்மினா ஜன்னலுக்குப் பாய்ந்தாள். இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தாள். பச்சை லாரி பாலத்துப் பக்கமிருந்து மெதுவாக, மிக மரியாதையாக வந்துகொண்டிருந்தது. பாலத்தடி ஒலிபெருக்கி ஊமை என்பதால் இம்ரிக்குக்கு அறிவிப்பு எதுவும் கேட்கவில்லை. மணிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. யாரோ பெரியவர் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்று எண்ணி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் வண்டியை ஓட்டிவந்தார். சதுக்கத்தில் நிறுத்தி இறங்கினார். கறுப்புச் சேலை போல நீண்ட சால்வையைப் போர்த்திக்கொண்டு, தட்டு நிறையப் பிளம் பணியாரத்தோடு மேயரின் மனைவி குறுக்கே போனாள். இம்ரிக் குரலைத் தாழ்த்தி, துக்க முகத்தோடு கேட்டார்.

"யாரும்மா போயிட்டாங்க?"

மேயர் மனைவி நிமிர்ந்தாள். பணியாரம் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம் விழுந்தன. அவள் போட்ட அலறலில் லிண்டன் மரத்துப் புறாக்கள் ஒன்று மிச்சமில்லாமல் பறந்தன. லாரிக்குள் கோழிகள் சேர்ந்து கொக்கரித்தன. "ஏசுவே! மாதாவே!" என்று சதுக்கத்தில் நின்றவர்களில் ஒரு பாதி ஓடியது. மறுபாதி ஓடிவந்து அவரைத் தொட்டுப் பார்த்தது, கிள்ளிப் பார்த்தது. அறுவை மில் ஆள் ஒருவன் மூக்குக்கு நேரே கையை நீட்டி மூச்சு வருகிறதா என்று பார்த்தான். பத்துக் குரல் ஒரே நேரத்தில் விளக்கியதில், தாம் இறந்துவிட்டதையும், ஊர் துக்கம் கேட்கப் போயிருப்பதையும் இம்ரிக் புரிந்துகொண்டார். யாரிடம் கேட்கப் போயிருக்கிறது என்று அவர் கேட்டதுதான் தாமதம், எல்லாக் கைகளும் மாடி ஜன்னலைக் காட்டின.

ஹெர்மினா சட்டென்று ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

படியேறி வந்தார். இடுப்பு வலியெல்லாம் எங்கே போயிற்றோ, இரண்டிரண்டு படியாக வந்தார். கூட்டம் வழிவிட்டது. மேசை மேல் ரொட்டியும் சூப்பும் சாராயமும் பரப்பியிருக்க, அதன் நடுவில் அவருடைய பாதிக் காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

"நான் செத்துப்போயிட்டதா கேள்விப்பட்டேன், அம்மணி."

"பாட்டு... மாறிப்போச்சு."

"அது சரி. ஆனா எனக்காகத் துக்கம் கேக்க ஊரே உங்ககிட்ட வந்திருக்குதே. அதுவும் மாறி வந்ததா?"

படிக்கட்டில் இருந்தவர்கள் "என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று கீழே சேதி அனுப்பினார்கள். ஹெர்மினா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். கோழி விலை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கடித்து விழுங்கினாள்.

"சொல்லித் தொலையேன்டி!" என்று அபோலோனியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் கீழ போங்க." ஹெர்மினாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நீங்களும்தான். லிண்டன் மரத்தடியில நில்லுங்க. நான்... நான் மறுப்பு அறிவிக்கணும்."

இம்ரிக் தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். தோள் தொங்கிப் போயிருந்தது. கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் இறங்கியது. "மறுப்பாம் மறுப்பு! மரக்கட்டை! இவளுக்குப் போய் ரொட்டியக் குடுத்தேன் பாரு!"

அறை காலியானது. எதிரே மைக் மட்டும் இருந்தது. ஹெர்மினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை ஜன்னலைச் சாத்தவில்லை. வலப்பக்கத்து அடுக்கைப் பார்த்தாள். இடப்பக்கத்து அடுக்கைப் பார்த்தாள். ராணுவ நடையைத் தொட்டுப் பார்த்தாள். மறுப்பு என்றால் அரசாங்க விஷயம், முறைப்படி அதுதான். பிறகு மண்டியிட்டு, மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தாள். அதிலிருந்ததை இரண்டு கையாலும் எடுத்தாள். முகத்துக்கு அருகே பிடித்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பார்த்தாள். தட்டில் வைத்து ஊசியை இறக்கினாள்.

கீழே லிண்டன் மரத்திலிருந்து பிடில்கள் புறப்பட்டன. மேல்தெருவில் புறப்பட்டன. ஆற்றோரம் முழுக்கப் புறப்பட்டன. மணப்பெண் தாய்வீட்டு வாசலைத் தாண்டினாள்.

சதுக்கம் வெடித்தது. தொப்பிகள் மேலே பறந்தன. மேயரின் மனைவி பக்கத்தில் நின்ற யாரையோ முத்தமிட்டாள். வெளியூர்க்காரரான இம்ரிக் ஒன்றும் புரியாமல் நாலா பக்கமும் திரும்பினார்.

"இது என்ன பாட்டு? இப்ப யாரு செத்தா?"

"உன் தனிமை செத்துச்சுய்யா!" என்று அபோலோனியா அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். "கல்யாணப் பாட்டுய்யா இது! பேரு குடுத்தவங்களுக்குத்தான் போடுவா. அவ பேரக் குடுத்துட்டா. உன் பேரையும் அவளே குடுத்துட்டா!"

பாட்டு முடிந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. நாலாயிரம் பேருக்கும் பழக்கமான, நடுங்காத குரல் வந்தது.

"கவனிக்கவும், கவனிக்கவும். கோழி வியாபாரி திரு இம்ரிக் பென்கோ உயிரோடும் நலமாகவும் இருக்கிறார். காலையில் ஒலித்த பாட்டு தவறுதலாகப் போடப்பட்டது. இப்போது ஒலித்த பாட்டு தவறுதலாகப் போடப்பட்டதல்ல." ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. "விடைக்கோழி, போன தடவை விலையே."

அவள் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். ஒளிந்துகொள்ளவில்லை. இம்ரிக் மரத்தடியில் அண்ணாந்து நின்றிருந்தார். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை அவருக்கு. கூட்டம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு அடங்கியது. கோயில்பிள்ளை வெந்தெலின் ஒருவர்தான் சேதி எட்டாமல், இம்ரிக்கின் ஆத்மா சாந்திக்காக இன்னும் மணியடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி!" என்று இம்ரிக் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார். "மணிச் சத்தத்துல சரியாக் கேக்கல! அந்தப் பாட்ட இன்னொரு தடவை போடுங்க!"

வெந்தெலினைத் தவிர, ராவ்னாவில் அந்தப் பாட்டு கேட்காத காது ஒன்றுகூட இல்லை; இம்ரிக்கின் காதும் அதில் சேர்த்தி. ஹெர்மினா உள்ளே போய் மறுபடியும் ஊசியை இறக்கினாள்.